கொஸ்பல் ஃபில்: முதலில் வாயால் சொல்லுங்கள்

எங்கள் சபையில் ட்ரம்ஸ் பழக வரும் பெடியள் எல்லோரும் கைப்பேசியில் ஒரே விதமான வீடியோவைக் காட்டித்தான் "அண்ணை, இதைச் சொல்லித் தாங்கோ" என்று கேட்பார்கள். கறுப்பின அமெரிக்கச் சபையில் வளர்ந்த ஒருவர், நாலு பீட்டுக்குள் கண்ணால் பிடிக்க முடியாத அளவு அடிகளைக் கொட்டிவிட்டு, அமைதியாகப் பாட்டுக்குள் திரும்புவார். பெடியள் பார்ப்பது அந்த வேகத்தை. பரந்தனில் 12 வருடமாக ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கிற எனக்கு, அந்தத் திரும்பி வருதல்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஃபில் என்பது பாட்டின் வரிகளுக்கு இடையில் ட்ரம்ஸ் வாசிக்கும் சின்ன அலங்காரம். வழக்கமான ஃபில்லில் கைகள் முன்னால் இருக்கும் ஸ்னேர் ட்ரம்மிலிருந்து மற்ற டொம் ட்ரம்களுக்கு ஓடும். காலால் மிதிக்கும் கிக் ட்ரம் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். கறுப்பின அமெரிக்கச் சபைகளின் கொஸ்பல் வாசிப்பில் வலது கால் மூன்றாவது கையாகிவிடுகிறது. கை, கை, கால் என்று ஒன்றன்பின் ஒன்றாக விழும், இரண்டு சேர்ந்து விழாது. இதை லீனியர் என்பார்கள். ஃபங்க், ஃபியூஷன் வாசிப்பவர்களிடமும் இது உண்டு. கொஸ்பல் ஆட்களிடம் தனியாக இருப்பது, அந்தச் சங்கிலியைப் பாட்டுக்குப் பதில் சொல்வதுபோல வைக்கும் முறை. அவர்களுடைய சபைகளில் போதகர் ஒரு வரி சொல்ல, ஓகனும் ட்ரம்ஸும் உடனே பதில் சொல்லும். சின்ன வயதிலிருந்து அதற்குள் இருந்தவருக்குப் பாட்டு எங்கே மூச்சு விடுகிறது என்று தெரியும். ஃபில் அந்த மூச்சுக்குள் வரும்.

ஆரோன் ஸ்பியர்ஸ், கிறிஸ் கோல்மன், கால்வின் றொட்ஜர்ஸ் ஆகிய மூன்று கொஸ்பல் ட்ரம்மர்களையும் கேளுங்கள். ஸ்பியர்ஸ் பாடகர் அஷருக்கு வாசித்தவர். 2006இல் மொடேர்ன் ட்ரம்மர் என்ற ட்ரம்ஸ் சஞ்சிகையின் விழாவில் அவர் வாசித்ததைப் பார்த்துத்தான் என் வயதுக்காரர் பலர் இந்தப் பக்கம் வந்தோம். 2023இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று, சொந்தத்தில் ஒருவர் போனது போல இருந்தது எனக்கு. அவரைக் கேட்கும்போது முதல் தடவை ஃபில்களை விட்டுவிட்டு, இடையில் உள்ள நேர் வாசிப்பை மட்டும் கேளுங்கள். அது அசையாமல் நிற்பதால்தான் மற்றது நிற்கிறது.

சரி, பழகுவோம். தவில் கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: தாளத்தை வாயால் சொல்லும் சொல்கட்டு. 'தகிட' என்றால் மூன்று, 'தகதிமி' என்றால் நாலு. 'தகிட'வை வலது கை, இடது கை, கால் என்று பிரியுங்கள். 'தகதிமி' வலது, இடது, கால், கால். இப்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லுங்கள்:

தகிட தகிட தகிட தகிட தகதிமி

மொத்தம் 16. ஒரு பீட்டுக்கு நாலு வீதம் நாலு பீட்டில் முடியும். வலது கை 1, 4, 7, 10, 13 ஆகிய இடங்களில் விழுகிறது. பீட் விழுவது 1, 5, 9, 13இல். இடையில் கை தாளத்தை விட்டு விலகி, கடைசி பீட்டில் திரும்பவும் தாளத்தோடு சேர்கிறது. கேட்பவருக்கு 'எங்கே போகிறான்' என்று ஒரு தவிப்பு வந்து, பிறகு ஆறுதல் வருவது இதனால்தான். தவில்காரர் தீர்மானம் என்ற முடிப்பை வைத்துச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து இறங்குவதைப் போல.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 பீட்டில் வையுங்கள். ட்ரம் செட் வீட்டில் வேண்டாம். பலகையில் பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பை இழுத்து ஆணியடித்தால் போதும், நான் அதில்தான் பழகினேன். காலுக்குச் சிமெந்துத் தரை. வாய் சொல்வது நிற்கக் கூடாது. வாய் தடுமாறும் இடத்தில்தான் கையும் தடுமாறும். கடைசி இரண்டு கிக்கும் இழுபட்டால், அந்தத் 'தகதிமி'யை மட்டும் கைகளாலேயே முடியுங்கள். இடது காலை, செட்டில் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டை மிதிப்பதுபோல, ஒவ்வொரு பீட்டுக்கும் தட்டிக்கொண்டே இருங்கள். இந்த ஒரு கால் மட்டும் லீனியர் கணக்கில் சேராது. ஃபில்லுக்குள் ஓடிப்போய்விடாமல் உங்களைக் கட்டிவைப்பது அதுதான்.

செட்டில் உட்காரும்போது வலது கை தரையில் நிற்கும் பெரிய ஃப்ளோர் டொம்மில், இடது கை ஸ்னேரில். வலதை ஓங்கி அடியுங்கள், இடதை மிக மெதுவாக. தகரக் கூரை மண்டபத்தில் எல்லா அடியையும் ஒரே பலத்தில் அடித்தால், கூரை அதைக் கலக்கி ஒரே இரைச்சலாகத் திருப்பித் தரும். கறண்ட் போய் மைக் இல்லாத ஞாயிறுகளில் இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறேன்.

அந்த 16 அடியும் 80 பீட்டில் நிலைத்த பிறகு ஆறு அடிக்கு வாருங்கள். 'தகதிமி தக': வலது, இடது, வலது, இடது, கால், கால். ஒரு பீட்டுக்குள் ஆறும் அடங்க வேண்டும். வீடியோக்களில் காது கேட்டு மயங்கும் அந்தச் சத்தம் பெரும்பாலும் இதுதான். கைகள் நாலையும் ஒவ்வொரு முறையும் வேறு டொம்முக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான் வித்தை.

நம்முடைய தமிழ்ப் பாட்டுகள் நிறைய ஆறு-எட்டு (6/8) தாளத்தில் ஓடும். அங்கே ஒரு சுற்றில் 12 சிறு அடிகள். 'தகதிமி'யை மூன்று முறை வையுங்கள்: வலது, இடது, கால், கால். இரண்டாக அசையும் பாட்டின் மேல் மூன்று விழும். எனக்கு மிகப் பிடித்த ஃபில் இது.

எங்கே வைப்பது? எட்டுச் சுற்று முடியும் இடத்தில், பாடுபவர் வரியை முடித்து மூச்சு வாங்கும்போது. சரணத்தின் நடுவில் வேண்டாம், ஜெபத்தின் பின்னணியில் வேண்டவே வேண்டாம். கடைசியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் இடத்தில் தாராளமாக வாசிக்கலாம். அப்போதும் பாடுபவரின் வாயைப் பாருங்கள். அடுத்த வரி முதல் பீட்டிலேயே தொடங்குகிறது என்றால் கிராஷ் தட்டை அடிக்காமல், கிக்கோடும் மூடிய ஹை-ஹாட்டோடும் ஃபில்லை முடித்து, அந்த முதல் சொல்லுக்கு இடம் விடுங்கள்.