காருக்குள் கீச், கடகட: சத்தத்தைத் தேடும்போது செய்யக் கூடாதவை

காருக்குள் கேட்கும் சத்தங்களுக்குப் பெரும்பாலும் அற்பக் காரணம்தான் இருக்கும். அதைத் தேடுகிறேன் என்று பாதி டேஷ்போர்டைக் கழற்றி, நாலு கிளிப்பை உடைத்து, இல்லாத சத்தங்களையும் வரவழைத்துக்கொள்வதில்தான் உண்மையான நஷ்டம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே கை வைத்துவிடுவதுதான் இந்த வேலையின் மூலத் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதைத் தொடர்ந்து வருபவை.

முதலில் என்ன மாதிரிச் சத்தம் என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று அழுந்தி, ஒட்டி, சட்டென்று வழுக்கி, மறுபடி ஒட்டும்போது வருவது ‘கீச்’. தளர்ந்த இரண்டு பொருள்கள் இடைவெளியில் முட்டிக்கொள்ளும்போது வருவது ‘கடகட’. முதலாவதற்கு உராய்வைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு இடைவெளியை அடைக்க வேண்டும். கடகடக்கும் பாகத்தில் எத்தனை முறை ஸ்பிரே அடித்தாலும் அது கடகடக்கத்தான் செய்யும். கீச்சிடும் பாகத்தை இன்னும் இறுக்கினால் கீச்சு கூடலாம்.

அடுத்து, காரைக் காலி செய்யாமல் தேடத் தொடங்குவது. கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் மூக்குக்கண்ணாடி, கிளவ் பாக்ஸில் சாவிக்கொத்து, யாரும் உட்காராத சீட்டின் பெல்ட் பக்கிள் பக்கத்துத் தூணில் இடிப்பது, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அருகே சரியாக மாட்டப்படாத ஜாக்கி: டேஷ்போர்டின் மேல் விழும் பழியில் பாதி இவற்றுக்குச் சேர வேண்டியது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, வழக்கமாகச் சத்தம் வரும் அதே சாலையில், அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பின்சீட்டு ஹெட்ரெஸ்ட்டுகளையும் கழற்றிப் பாருங்கள். கம்பிக்கும் குழிக்கும் நடுவே உள்ள ஆட்டமே போதும், பெரிய சத்தம் எழும். டயர்களில் காற்று அளவுக்கு மேல் இருந்தால் சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அப்படியே உள்ளே வரும். அதையும் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேடுங்கள்.

ஓட்டுபவரே ஒரு கையால் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே போவது ஆபத்து. பயனும் இல்லை. முன்கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அனுப்பும். உடற்கூட்டின் இரும்பு அதை வேறெங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும். வலப்பக்கம் கேட்பது இடப்பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். இன்னொருவர் ஓட்டட்டும். நீங்கள் பக்கத்து சீட்டிலும் பிறகு பின்சீட்டிலும் பெல்ட் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது நின்று, கையை எடுத்ததும் திரும்ப வந்தால் இடம் அகப்பட்டது. கதவு, பார்சல் டிரே, ஸ்பீக்கர் மூடி போன்றவற்றில் சந்தேகம் என்றால் காரை ஓட்டவே வேண்டாம். 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஸ்டீரியோவில் போட்டால், தளர்ந்த பாகம் தனக்குரிய அதிர்வெண் வந்ததும் தானே பாடத் தொடங்கும்.

காலையில் மட்டும் வந்து, வெயில் ஏறியதும் மறையும் சத்தத்தை மாலையில் தேடுவதும் வீண். பிளாஸ்டிக் வெப்பத்தில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். குளிரில் சுருங்கும்போது திறந்த இடைவெளி சூட்டில் மூடிக்கொள்ளும். எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில்தான் தேட வேண்டும்.

இனி ஸ்பிரே. டபிள்யூ.டி.40 என்னும் எண்ணெய் ஸ்பிரே வீட்டில் இருக்கிறது என்பதற்காகவே எல்லா இடத்திலும் அடிக்கப்படுகிறது. அதிலுள்ள கரைப்பான் ஆவியான பின் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். அது தூசியைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் கீச்சு திரும்பும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் வகை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதித் தளரும். பாலிகார்பனேட் போன்ற தெளிவான பிளாஸ்டிக்கில் அடிக்க வேண்டாம் என்று தயாரிப்பு நிறுவனமே சொல்கிறது. கதவு ரப்பருக்கு ஏற்றது சிலிகான் கிரீஸ்: ரப்பரையும் அது படும் வர்ணப் பரப்பையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, விரலால் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். சிலிகானை ஸ்பிரேயாகக் காருக்குள் நேரடியாக அடிக்காதீர்கள். பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் பட்டால் வழுக்கும், கண்ணாடியில் பட்டால் மங்கும். துணியில் அடித்துப் பிறகு தேயுங்கள்.

காரின் உட்புறத்தை மூடியிருக்கும் டிரிம் பலகையை நெம்புவதற்கு ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்துவது அடுத்த பழக்கம். தழும்பு அழியாது; பலகை ஓரம் ஒருமுறை நசுங்கினால் மறுபடி சரியாக உட்காராது, அதுவே புதுச் சத்தத்துக்கு இடமாகும். பிளாஸ்டிக் நெம்புகோல்கள் வாங்கிக்கொள்ளுங்கள், கிளிப்புக்கு மிக அருகில் நெம்புங்கள், குளிரில் செய்யாதீர்கள். உடைந்த கிளிப்போடு பலகையை அழுத்தி மூடிவிட்டு ‘நிற்கிறதே’ என்று விட்டுவிடுவதைவிட, மாற்றுக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது மேல். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுகளையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கக் கூடாது. மரை போய்விட்டால் அந்தத் திருகு இனி எப்போதும் ஆடும்.

ஆனால் கிளிப் உடைவதெல்லாம் சின்ன விஷயம். முன்கண்ணாடியின் இருபுறத் தூண்கள், கூரையின் ஓரம், சீட்டின் பக்கவாட்டு, ஸ்டீயரிங், டேஷ்போர்டின் இடப்பக்கம் என ஏர்பேக்குகள் ஒளிந்திருக்கும் இடங்கள் பல. தூண் மூடிக்குள் பஞ்சை அடைத்துச் சத்தத்தை நிறுத்தலாம்தான். ஆனால் விபத்தில் பக்கக் கண்ணாடிகளின் மேல் திரைபோல் இறங்கும் ஏர்பேக் விரிய வேண்டிய வழியையும் அது மறித்துவிடலாம். அந்த மூடிகளின் சில கிளிப்புகள் ஒரே ஒருமுறை பயன்படுத்த மட்டுமே செய்யப்பட்டவை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் அதை இழுக்கவோ டெஸ்ட் லாம்பு வைத்துப் பார்க்கவோ வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பின்னும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சற்று நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேடு சொல்லும். இந்தப் பகுதிகளில் சத்தம் என்று தெரிந்தால் பணிமனைக்கு விடுவதுதான் என் கருத்து.

இடைவெளியை எதைக் கொண்டு அடைப்பது? மெத்தைப் பஞ்சு ஈரம் குடிக்கும், சில வருடங்களில் பொடியாக உதிரும். கதவுக்குள் வைத்தால் அடியிலுள்ள வடிகால் துளையை அடைத்து, தண்ணீர் தேங்கித் துருவேறும். ஊதிப் பெருகும் ஃபோம் ஸ்பிரேயை அடித்தால், பின்னொரு நாள் கண்ணாடி மோட்டாரையோ ஒயரையோ தொட வேண்டிவரும்போது கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும். ஒயர் உரசாமல் இருக்கச் சுற்றப்படும் துணி டேப், ஃபெல்ட் டேப், ஈரம் குடிக்காத மூடுசெல் ஃபோம் ஆகிய மூன்றும் இந்த வேலைக்குப் போதும். சிறிய துண்டாக, உரசும் இடத்தில் மட்டும்.

மடக்கும் பின்சீட்டின் பூட்டு மாட்டும் இரும்பு வளையம் தனியாகச் சொல்லத் தக்கது. அது ஆடும்போது பின் சஸ்பென்ஷனே போய்விட்டது போல் கேட்கும். வளையத்தில் ஒரு சுற்று துணி டேப் போட்டால் அடங்கும். இரண்டு மூன்று சுற்றுப் போட்டுப் பூட்டு முழுதாக விழாமல் செய்துவிடாதீர்கள். திடீர் பிரேக்கில் சீட் முதுகு முன்னே சாயும். டேப் சுற்றிய பிறகு சீட்டைப் பலமாக இழுத்துப் பாருங்கள்.

ஒரே நாளில் ஐந்து இடத்தில் டேப் ஒட்டினால், எது பலித்தது, எது புதுச் சத்தம் தந்தது என்று தெரியாது. ஒன்றைச் செய்து, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால் இது எதையும் தொடும் முன், சத்தம் வரும் வேகம், சாலை, நேரம் ஆகியவற்றைக் குறித்து, பக்கத்தில் உட்காருபவரிடம் கைபேசியில் பதியச் சொல்லி, விற்ற இடத்திலேயே கொடுங்கள்.

கடைசியாக, உள்ளே கேட்பதெல்லாம் உள்ளே பிறந்ததில்லை. பிரேக் மிதிக்கையில் மட்டும், ஸ்டீயரிங் திருப்புகையில் மட்டும், வேகத்தடை இறங்குகையில் ‘டொக்’ என்று கேட்டால் சஸ்பென்ஷன் பாகங்களான ஸ்டெபிலைசர் லிங்க், புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் பக்கம் பாருங்கள். என்ஜின் குறிப்பிட்ட சுழற்சிக்கு வரும்போது மட்டும் ‘ஜிர்ர்’ என்றால் சைலன்சர் குழாய்மேல் உள்ள வெப்பத் தகட்டின் திருகு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கலாம். காரை நிறுத்தி, ஒருவர் முன்பக்க ஓரத்தை அழுத்தி ஆட்ட, இன்னொருவர் சக்கரத்தருகே காது கொடுத்தால் ஓரளவு தெரியும். அதற்கு மேல் அடியில் பார்க்க லிஃப்ட் வேண்டும்; ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.