கொரியப் பொதுக் குளியலுக்கு முதல் முறை போகிறீர்களா? படிப்படியாகச் சொல்கிறேன்

தென்கொரியாவுக்குப் படிக்கவும் ஆராய்ச்சிக்கும் வரும் நம் பெண்கள் பலர் வருடக்கணக்கில் இருந்தும் ஒரு மொக்யோக்தாங்குக்குள் காலெடுத்து வைக்காமலே ஊர் திரும்புகிறார்கள். மொக்யோக்தாங் என்றால் பொதுக் குளியல் கூடம். தயக்கத்துக்குக் காரணம் ஒன்றுதான்: உள்ளே ஒட்டுத்துணி இல்லாமல் குளிக்க வேண்டும். நானும் தேஜோன் நகரத்துக்கு வந்து இரண்டு குளிர்காலம் அப்படியே தள்ளிப்போட்டேன். போன பிறகுதான், இவ்வளவு நாள் வீணாக்கிவிட்டோமே என்று இருந்தது. உங்களுக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக் குளியலறை

கொரியர்கள் தினமும் வீட்டில் ஷவரில்தான் குளிக்கிறார்கள். பொதுக் குளியல் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை, உடம்பை ஊறவைத்துத் தேய்க்க. வீட்டுக் குளியலறை நமக்குப் பழகியதுதான். தரை முழுக்க நனையும், மூலையில் தண்ணீர் போகும் வழி இருக்கும். வாசலில் ரப்பர் செருப்பு கிடக்கும், அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். வெந்நீர் வரவில்லையென்றால் குழாயைக் குறை சொல்லாதீர்கள். சுவரில் இருக்கும் பாய்லர் பலகையைப் பாருங்கள். தரையைச் சூடாக்குவதும் வெந்நீர் தருவதும் அதே பாய்லர்தான். கோடையில் 'ஓன்சு ஜோன்யோங்' என்ற பொத்தானை அழுத்தினால் தரை சூடாகாமல் வெந்நீர் மட்டும் வரும்.

கூச்சம் போக ஒரு சின்ன வழி

தேஜோனின் யூசோங் பகுதி வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன இடம். அங்கே தெருவோரத்திலேயே, முழங்கால்வரை துணியை மடித்துவிட்டுக் கால் நனைத்து உட்காரும் தொட்டி உண்டு. கட்டணம் கிடையாது. ஒரு மாலை அங்கே போய் உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும் பாட்டிகள் தானாகப் பேச்சுக் கொடுப்பார்கள். எனக்கு மொக்யோக்தாங் போகும் துணிச்சல் அங்கேதான் வந்தது.

உள்ளே நுழைவது

வட்டத்திலிருந்து மூன்று ஆவிக்கோடுகள் எழும் குறி மாட்டியிருந்தால் அது குளியல் கூடம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி, பல இடங்களில் தனித்தனி மாடி. 'யோ' (여) என்று எழுதியிருப்பது பெண்கள் பக்கம், 'நாம்' (남) ஆண்கள் பக்கம். அந்த இரண்டு எழுத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

செருப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பணம் கட்டுங்கள். ரப்பர் வளையத்தில் கோத்த லாக்கர் சாவி கிடைக்கும். துணி முழுவதையும் கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்டி, வளையத்தைக் கையிலோ கணுக்காலிலோ மாட்டிக்கொள்ளுங்கள். போனும் லாக்கரில்தான் இருக்க வேண்டும். குளிக்கும் இடத்துக்கு எடுத்துப் போவது பெரிய தவறு. உள்ளாடையோடோ நைட்டியோடோ உள்ளே போகாதீர்கள். அப்போதுதான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் நுழைந்தேன். ஐந்து நிமிடத்தில், யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று புரிந்து துண்டை ஓரம் வைத்துவிட்டேன்.

தொட்டிக்கு முன்னால் குளியல்

இந்தப் படியைத் தவறவிட்டால் மட்டும் யாரும் மன்னிக்க மாட்டார்கள். தொட்டியில் இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டு முழுசாகக் குளித்துவிட வேண்டும். தொட்டி அழுக்குப் போக்கும் இடமல்ல, ஊறும் இடம். வரிசையாகக் குட்டை முக்காலிகளும் பிளாஸ்டிக் பேசின்களும் இருக்கும். முக்காலி மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு உட்காருங்கள். எழுந்திருக்கும்போதும் கழுவி வையுங்கள். நின்றுகொண்டு தண்ணீரை வாரி இறைத்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். நீளமுடி இருந்தால் தூக்கிக் கொண்டை போடுங்கள், தண்ணீரில் படக்கூடாது. நம் வழக்கப்படி எண்ணெய் தேய்த்த தலையோடும் உடம்போடும் மட்டும் தயவுசெய்து போக வேண்டாம்.

ஊறுவது

சுவரில் ஒவ்வொரு தொட்டியின் வெப்பநிலையும் எண்ணில் தெரியும். ஓன்தாங் சுமார் 40 டிகிரி, யோல்தாங் அதைவிடச் சூடு, நேங்தாங் குளிர்ந்த நீர். புதியவர்கள் ஓன்தாங்கில் தொடங்குங்கள். மெதுவாகக் கால், இடுப்பு, தோள் என்று இறங்கி, பதினைந்து இருபது நிமிடம் உட்காருங்கள். விரல் நுனி சுருங்கினால் தோல் ஊறிவிட்டது என்று அர்த்தம். தலை கிறுகிறுத்தால் உடனே எழுந்து வந்து தண்ணீர் குடியுங்கள். ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சூட்டுத் தொட்டிப் பக்கம் போக வேண்டாம். மாதவிடாய் நாட்களில் தொட்டியில் இறங்கக் கூடாது.

தேய்ப்பது

எல்லோரும் வருவது இதற்காகத்தான். தோலில் சேரும் செத்த தோலுக்கும் அழுக்குக்கும் கொரிய மொழியில் 'த்தே' என்று பெயர். அதை உரிக்கும் கையுறையை 'இத்தாலி டவல்' என்பார்கள். 1960-களில் பூசான் நகரத்தில் பிறந்த கொரியப் பொருள்தான். துணி இத்தாலியிலிருந்து வந்த விஸ்கோஸ் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலும் பச்சை நிறம். கவுண்டரிலேயே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

நான் முதல் நாள் அதில் சோப்பைப் போட்டு நுரைக்க நுரைக்கத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து முக்காலியில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். நுரையை அலசினார். கையுறையை ஒட்டப் பிழிந்து தன் கையில் மாட்டி, என் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே இழுப்பாக இழுத்தார். பென்சில் எழுத்தை அழிக்கும்போது ரப்பர் திரளுமே, அதுபோலச் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வந்தது. காலையில்தான் குளித்திருந்தேன்!

ஆக முறை இதுதான்: சோப்பு வேண்டாம், கையுறை ஈரமாக இருக்கட்டும், ஆனால் சொட்டக் கூடாது. நீண்ட இழுப்பாகத் தேயுங்கள். கழுத்து, மார்பு, தொடை உள்பக்கம் மென்மையாக. குதிகால், முழங்காலில் கொஞ்சம் அழுத்தம். முகத்தில் வேண்டவே வேண்டாம். திரி வரவில்லையென்றால் தோல் இன்னும் ஊறவில்லை. மறுபடி தொட்டிக்குப் போங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். சிவந்து எரிந்தால் நிறுத்திவிடுங்கள். கரப்பான் போன்ற தோல் நோய் உள்ளவர்கள் இந்தப் படியையே விட்டுவிடலாம்.

முதுகு எட்டாது. 'துங் மிரோ ஜுசேயோ' என்றால் முதுகு தேய்த்துவிடுங்கள் என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம், ஆனால் அவர் முதுகை நீங்களும் தேய்த்துவிட வேண்டும். காசு கொடுத்துத் தேய்த்துக்கொள்ள விரும்பினால் 'செசின்' என்று கேளுங்கள். நனைந்த மேசையில் படுக்கவைத்து, மல்லாக்க, பக்கவாட்டில், குப்புற என்று தட்டித்தட்டித் திருப்பி உடம்பு முழுக்க எடுத்துவிடுவார்கள். கட்டணம் நுழைவுச் சீட்டைவிட அதிகம், சுவரில் எழுதியிருக்கும். வருடத்தில் ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள்.

ஜிம்ஜில்பாங்

சில கூடங்களில் இதுவும் சேர்ந்திருக்கும். அவர்கள் தரும் டீ-ஷர்ட், அரைக்கால் சட்டையோடு ஆணும் பெண்ணும் குடும்பமாக உட்காரும் சூட்டறைகள். உப்பு அறை, செம்மண் அறை, வேர்வை அடங்க ஐஸ் அறை. ஓட்டோடு சுட்ட முட்டையும், அரிசியில் செய்த இனிப்பான சிக்கே பானமும் கிடைக்கும். கூச்சம் அதிகம் உள்ளவர்கள் இதில் தொடங்கினாலும் சரி.

வெளியே வரும்போது

உடம்பை ஓரளவு துடைத்துவிட்டு உடைமாற்றும் அறைக்கு வாருங்கள். தரையில் தண்ணீர் சொட்டக் கூடாது. தோலில் ஈரம் காயும் முன் லோஷன் தடவுங்கள், மேல் தோல் போயிருப்பதால் வறட்சி சீக்கிரம் வரும். அறை நடுவில் மரப் பலகை மேடை இருக்கும். குளிர்பெட்டியில் வாழைப்பழப் பால் இருக்கும்; 1974-லிருந்து அதே குண்டு டப்பாதான். ஒன்றை வாங்கிக்கொண்டு, தலை காயும்வரை அந்த மேடையில் உட்காருங்கள். கிளம்பும்போது லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.