ஃபோன் போனாலும் கேம் ஐடி போகக்கூடாது: சீசனுக்கு முன் அரை மணி நேர வேலை

குன்னூரில் சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு மே மாதம், சீசன் கூட்டம் உச்சத்தில் இருந்த நேரம், பிளஸ் டூ முடித்த ஒரு தம்பி கடைக்கு வந்தான். ஊட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். ஜெர்கினின் பக்கப் பையில் ஃபோன். இறங்கிப் பார்த்தால் ஜிப் திறந்து கிடக்கிறது, ஃபோனைக் காணோம். பழைய ஃபோன்தான், விற்றால் ஐயாயிரம்கூடத் தேறாது. அவன் கண் கலங்கியது வேறு ஒன்றுக்காக. "அண்ணா, ஃபோன் போனா போகட்டும். மூணு வருஷமா விளையாடின ஐடி அதுல இருக்குண்ணா. அதை மட்டும் எடுத்துக் குடுங்க."

என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. கேமில் எந்தக் கணக்கும் இல்லாமல் விருந்தாளியாக நுழையும் கெஸ்ட் ஐடியிலேயே விளையாடியிருந்தான், கூகுள் கணக்கோடு இணைக்கவே இல்லை. ஃபோன் போனதோடு மூன்று வருடமும் போயிற்று. இரண்டு நிமிட வேலை அது. முன்பே யாராவது சொல்லியிருந்தால் செய்திருப்பான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருடனின் கையை நாம் பிடிக்க முடியாது. ஆனால் அவன் கைக்குப் போன ஃபோன் அவனுக்கு உதவாமல் செய்ய முடியும், நம்முடையது எல்லாம் நம்மிடமே இருக்கும்படியும் செய்ய முடியும். கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள்.

படி 1: ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து வையுங்கள்

நம்பர் டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும், ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள தனி அடையாள எண் அது. இரண்டு சிம் ஃபோன் என்றால் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஃபோனில் வைத்துக்கொண்டால் பயன் இல்லை.

ஃபோன் வந்த அட்டைப்பெட்டியிலும் இந்த எண் ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் அட்டைப்பெட்டி என்றால் நேராக வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும். எரிப்பதற்கு முன் அந்த ஸ்டிக்கர் உள்ள துண்டை மட்டும் வெட்டி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துவிடுங்கள். பில்லையும் ஒரு படம் எடுத்து அம்மாவுக்கோ அக்காவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பல கடைகளில் கொடுக்கும் பில் வழவழப்பான தாள், ஒரு வருடத்தில் எழுத்தே மறைந்துபோகும்.

படி 2: பூட்டை ஒழுங்காகப் போடுங்கள்

ஆறு இலக்க பின் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். பேட்டர்னும் வேண்டாம், திரையைச் சாய்த்துப் பிடித்தாலே விரல் இழுத்த தடம் தெரியும்.

பூட்டிய திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியக்கூடாது. நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் மறைத்துவிடுங்கள். மறைக்காவிட்டால் பூட்டைத் திறக்காமலே ஓ.டி.பி.யைப் படித்துவிடலாம். மேலிருந்து கீழே இழுக்கும் குவிக் செட்டிங்ஸ் பூட்டிய நிலையில் திறக்காமல் இருக்கும்படி வைக்கவும் சில ஃபோன்களில் வழி உண்டு. ஐஃபோனில் ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோடு பகுதியில் கண்ட்ரோல் சென்டரை அணைத்தால் போதும். ஃபோன் கைக்கு வந்ததும் திருடன் முதலில் தேடுவது ஏரோப்ளேன் மோடைத்தான்.

படி 3: திருட்டுப் பாதுகாப்பை ஆன் செய்யுங்கள்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் உள்ள பெரும்பாலான ஃபோன்களில் இந்த வசதி வந்துவிட்டது. செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் தெஃப்ட் ப்ரொடெக்ஷன் என்று இருக்கும். கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் தெஃப்ட் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள்.

உள்ளே போனால், முதலில் தெஃப்ட் டிடெக்ஷன் லாக். கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் அந்த அசைவை உணர்ந்து திரையைத் தானாகப் பூட்டும். அடுத்தது ஆஃப்லைன் டிவைஸ் லாக். இணையத்தைத் துண்டித்தால் சற்று நேரத்தில் பூட்டும். நம் மலையில் பர்லியார் வளைவுகளில் இறங்கும்போதும் சிக்னல் போகும், ஆகவே சில நேரம் சும்மாவே பூட்டிக்கொள்ளலாம். பயப்பட வேண்டாம், பின் போட்டுத் திறந்துகொள்ளுங்கள். அந்தச் சின்னத் தொல்லைக்காக இதை அணைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது ரிமோட் லாக். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஃபோன் தொலைந்த பதற்றத்தில் கூகுள் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவுக்கு வராது. ரிமோட் லாக்கை முன்பே ஆன் செய்து வைத்திருந்தால், பக்கத்தில் நிற்பவரின் ஃபோனில் ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் என்ற பக்கத்தைத் திறந்து, உங்கள் மொபைல் நம்பரைக் கொடுத்தே திரையைப் பூட்டலாம்.

ஐஃபோன்காரர்கள் ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோடுக்குள் ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷனை ஆன் செய்யுங்கள். 2024 ஜனவரியில் ஐ.ஓ.எஸ். 17.3-உடன் வந்தது. பாஸ்கோடு தெரிந்த திருடனாகவே இருந்தாலும், வீட்டிலிருந்து விலகிய இடத்தில் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற உங்கள் முகம் வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும்.

படி 4: தேடும் வசதியை மலைக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

ஆண்ட்ராய்டு ஃபோன்களில் கூகுளின் ஃபைண்ட் ஹப் இருக்கும். ஆனால் அதில் ஆஃப்லைன் ஃபோனைத் தேடும் பகுதியைத் திறந்து பாருங்கள். ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டும் என்றுதான் வழக்கமாக இருக்கும். சென்னைக்கு அது போதும். தேயிலைத் தோட்டத்துக்குள் தொலைந்த ஃபோனுக்குப் போதாது. எல்லா இடங்களிலும் என்று மாற்றுங்கள். அந்தப் பக்கமாகப் போகிறவரும் இப்படி மாற்றி வைத்திருந்தால், அவர் ஒருவரின் ஆண்ட்ராய்டு ஃபோன்கூட உங்கள் ஃபோன் இருக்கும் இடத்தைச் சொல்ல உதவும். கடைக்கு வரும் பத்துப் பேரில் ஒருவர்கூட இதை மாற்றியிருப்பதில்லை.

படி 5: சிம்முக்கும் பூட்டு

ஃபோனைத் திறக்க முடியாதவன் சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போடுவான். ஓ.டி.பி. எல்லாம் அங்கே போய்விடும். செட்டிங்ஸில் சிம் லாக்கை ஆன் செய்து, கம்பெனி கொடுத்த பழைய பின்னை மாற்றிவிடுங்கள். பழைய பின் தெரியாவிட்டால் குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் பி.யூ.கே. என்ற எட்டு இலக்க எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் சிம் செத்துவிடும். கஸ்டமர் கேரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படி 6: கேம் ஐடியை இணையுங்கள்

தம்பி தங்கைகளே, இது உங்களுக்கு. நீங்கள் விளையாடும் ஒவ்வொரு கேமின் செட்டிங்ஸிலும் அக்கவுண்ட் அல்லது பைண்ட் என்ற இடம் இருக்கும். அங்கே கூகுள் கணக்கோடு இணையுங்கள். இணைத்த பிறகு வீட்டில் இன்னொரு ஃபோனில் அதே கணக்கில் நுழைந்து, உங்கள் லெவலும் ஸ்கின்களும் வருகின்றனவா என்று பாருங்கள். பார்க்காமல் விட்டால் செய்ததாக அர்த்தம் இல்லை.

கூகுள் கணக்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து, பேக்கப் கோடுகள் பத்தையும் தாளில் எழுதுங்கள். சிம்மும் ஃபோனும் சேர்ந்து போன நாளில் ஓ.டி.பி. எங்கே வரும்? அந்தத் தாள்தான் சாவி. அதுவும் ரேஷன் கார்டு உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

இங்கே இன்னொரு திருட்டையும் சொல்லியாக வேண்டும். ராக்ஸ்டார் கம்பெனியின் ஜி.டி.ஏ. 5 என்ற வீடியோ கேம் வந்தது 2013 செப்டம்பரில். அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் காலேஜ் போகும் வயதில் ஆறாம் பாகத்துக்குக் காத்திருக்கிறார்கள். முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் வந்தது. 2025-இல் வரும் என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், அதையும் தள்ளி 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் அறிவித்தது. நானும் காத்திருக்கிறேன். இப்படி ஏங்க வைக்கும் காத்திருப்பைத்தான் ஏமாற்றுக்காரர்கள் குறி வைக்கிறார்கள். "ஜி.டி.ஏ. 6 மொபைல் ஏ.பி.கே.", "பீட்டா கீ இலவசம்" என்று டெலிகிராமில் லிங்க் வரும். ஏ.பி.கே. என்பது ஸ்டோர் இல்லாமல் நேராக ஃபோனில் ஏற்றும் ஆப் ஃபைல். ராக்ஸ்டார் அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் மட்டும்தான். மொபைலுக்கு என்று யார் எதைக் கொடுத்தாலும் அது பொய். அந்த ஏ.பி.கே.யைப் போட்டு, கேட்ட பர்மிஷனையெல்லாம் கொடுத்தால், ஃபோன் உங்கள் பையில் இருக்கும்போதே உள்ளே இருப்பதை எடுத்துப் போய்விடுவார்கள். எந்த கேமின் அடுத்த பாகமானாலும் தேதியை அந்த கம்பெனியின் பக்கத்திலேயே பாருங்கள். மொபைல் கேமை பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ தவிர வேறு எங்கும் இறக்காதீர்கள்.

படி 7: வெளியே போகும்போது

ஜெர்கினின் வெளிப் பையில் ஃபோன் வைக்காதீர்கள். குளிருக்குத் தடித்த துணி போட்டிருக்கும்போது பையில் கை நுழைவது உடம்புக்குத் தெரியாது. உள்பக்கப் பை இருந்தால் அதில் வையுங்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் ஓரம் ஃபோனை நீட்டி வீடியோ எடுக்க வேண்டாம். கூட்டத்தில் பின் அடிப்பதை மற்றவர் பார்க்காதபடி அடியுங்கள்.

போய்விட்டால்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

பெரும்பாலோர் முதலில் சிம்மை பிளாக் செய்கிறார்கள். செய்தால் ஃபோனுக்கு இணையம் போய்விடும், அப்புறம் நீங்கள் அனுப்பும் பூட்டுக் கட்டளை அதைச் சேராது. ஆகவே முதலில் ரிமோட் லாக், இரண்டே நிமிடம். பிறகு ஃபைண்ட் ஹப்பில் இடத்தைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதற்கு அடுத்துதான் சிம்மை பிளாக் செய்வது, பேங்குக்கு அழைத்து யு.பி.ஐ.யை நிறுத்தச் சொல்வது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஆண்ட்ராய்டு ஃபோனை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். அழித்தால் அதன்பின் தேட முடியாது. மேப்பில் இடம் தெரிகிறதே என்று நீங்களாகப் போய் நிற்கவும் கூடாது. அதைப் போலீசிடம் காட்டுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு புகார் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். சி.எஸ்.ஆர். என்பார்கள். வாங்காமல் திரும்பாதீர்கள், அடுத்த வேலைக்கு அதுதான் ஆதாரம். அப்புறம் அதே நம்பரில் புது சிம் வாங்குங்கள். மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. அது விதி, சிம் பழுது என்று நினைக்க வேண்டாம்.

எஸ்.எம்.எஸ். வந்ததும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ ஆப்பிலோ தொலைந்த ஃபோனை பிளாக் செய்யும் பகுதிக்குப் போங்கள். சி.இ.ஐ.ஆர். என்பது இதுதான். ஐ.எம்.இ.ஐ., புகார் ரசீது, அடையாள அட்டை, புது சிம்முக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு ரிக்வெஸ்ட் எண் வரும். அதையும் எழுதி வையுங்கள். பிளாக் ஆனதும் நாட்டில் எந்த கம்பெனி சிம் போட்டாலும் அந்த ஃபோன் வேலை செய்யாது.

சில நாள் கழித்து, "உங்கள் ஃபோன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு போடுங்கள்" என்று மெசேஜ் வரலாம். திருடன் அனுப்புவது அது. ஐஃபோனைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லிக் கெஞ்சினாலும் நீக்காதீர்கள், நீக்கினால் பூட்டு கழன்றுவிடும்.

ஃபோன் உண்மையாகவே கிடைத்தால், அதே தளத்தில் ரிக்வெஸ்ட் எண்ணைக் கொடுத்து அன்பிளாக் செய்யுங்கள். அதற்கு முன் சிம் போட்டுவிட்டு, ஃபோன் கெட்டுப்போயிற்று என்று என்னிடம் கொண்டுவருபவர்கள் நிறைய.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு

கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அந்த எண் கறுப்புப் பட்டியலில் இருந்தால் தெரிந்துவிடும். பில் இல்லாமல் லாக் எடுத்துத் தரச் சொல்லி என் கடைக்கும் ஆட்கள் வருகிறார்கள். நான் தொடுவதே இல்லை. ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவதற்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அந்த ஃபோனுக்குள் யாரோ ஒரு தம்பியின் மூன்று வருடம் இருக்கலாம்.