காய்ச்சல் விட்டால் நோய் விட்டதாகுமா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

நோய்களைப் பற்றி நாம் செய்யும் தவறுகளில் பல ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: உடலில் தெரியும் அறிகுறியையே நோய் என்று எண்ணிக்கொள்கிறோம். அறிகுறி கூடினால் நோய் முற்றிவிட்டது, குறைந்தால் தணிந்துவிட்டது, ஒன்றுமே தெரியாவிட்டால் நோயே இல்லை என்று கணக்குப் போடுகிறோம். தொற்றுநோயிலும் சரி, நாள்பட்ட நோயிலும் சரி, இந்தக் கணக்கு அடிக்கடி தப்பிப் போகிறது.

காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். கிருமி நுழைந்ததை உணர்ந்த வெள்ளணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்க, அவற்றின் தூண்டுதலால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. உடம்பைச் சுட வைப்பது உடலின் தற்காப்பு வேலையே. பாரசிட்டமால் அந்த வெப்பத்தையும் உடல்வலியையும் தணிக்குமே தவிர, கிருமியைத் தொடுவதில்லை. டெங்குவில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. ஏனெனில் அதன் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் ரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சளி பச்சையாக மாறியதும் ஆன்டிபயாட்டிக் தேடுவது அடுத்த தவறு. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அதன் நிறமே பச்சை. இந்த அணுக்கள் சளியில் திரளாகக் குவியும்போது சளியும் அந்த நிறத்தை ஏற்கிறது, சாதாரண வைரஸ் சளியிலும் இது நடக்கும். எனவே நிறத்தை மட்டும் பார்த்து, இது பாக்டீரியா என்று தீர்மானிக்க இயலாது. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுத்து அதைக் கொல்கின்றன. வைரஸுக்கு அப்படியொரு சுவரே கிடையாது என்பதால் அங்கே அம்மருந்துக்கு வேலையில்லை. ஆனால் குடலிலும் தோலிலும் நம்மோடு வாழும் பாக்டீரியாக்கள் மீது அது வேலை செய்யத்தான் செய்யும். அவற்றுள் மருந்துக்குச் சாகாதவை தப்பிப் பெருகி, அந்த எதிர்ப்புத் திறனைத் தரும் மரபணுக்களைப் பிற பாக்டீரியாக்களுக்கும் கடத்தக்கூடும். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு தம் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். மற்றவருக்கு எழுதித் தந்த மருந்தையும், முன்பு வாங்கி மிச்சம் வைத்த மாத்திரையையும் எடுத்து விழுங்கும் பழக்கம் இன்னும் தொடர்வது உண்மையிலேயே கவலைக்குரியது.

இதற்கு நேர்மாறான தவறு காசநோயில் நடக்கிறது. வழக்கமான சிகிச்சை பெரும்பாலும் 6 மாதங்கள். முதல் சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசி திரும்பி, எடையும் கூடத் தொடங்குவதால் பலர் மருந்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். வேகமாகப் பெருகும் கிருமிகள்தான் அதற்குள் அழிந்திருக்கும். மந்தமாகக் கிடப்பவை நுரையீரலில் எஞ்சியிருக்கும். அவை மீண்டும் கிளம்பும்போது பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போகலாம்.

எதிர்ப்பு சக்தியை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது கூட்டியும் குறைத்தும் வைக்கக்கூடிய ஒற்றைச் சக்தி அன்று. எதைத் தாக்குவது, எதை விட்டுவிடுவது, எப்போது அடங்குவது என்பதையெல்லாம் முடிவு செய்யும் பல அணுக்களின் கூட்டு வேலை. முதல் வகை சர்க்கரை நோயில், இன்சுலின் சுரக்கும் கணைய அணுக்களை டி அணுக்கள் என்னும் உடலின் சொந்த வெள்ளணுக்களே அழித்துவிடுகின்றன. முடக்குவாதத்தில் மூட்டுகளின் உட்சவ்வு தாக்கப்படுகிறது. இத்தகையவர்கள், எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும் என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காண உடலைப் பழக்குவது தடுப்பூசி. அதன் பலன் கிடைக்கவும் ஓரிரு வாரங்கள் ஆகும்.

நாள்பட்ட நோய்களில் அறிகுறி இன்னும் மோசமாக ஏமாற்றுகிறது. ரத்த அழுத்தம் எந்த வலியும் தராமலே பல ஆண்டுகள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேதப்படுத்தும். தலைவலி இல்லை என்பது அழுத்தம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மாத்திரையால் அளவு சீரானதும், குணமாகிவிட்டது என்று நிறுத்தினால் அது மறுபடியும் ஏறிவிடும். சர்க்கரை நோயாளிகளில் சிலர் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் வாயைக் கட்டுகிறார்கள். வெறும் வயிற்றில் பார்க்கும் அளவு அதனால் குறையலாம், ஆனால் எச்பிஏ1சி என்னும் ரத்தச் சோதனையின் அளவு குறையாது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது; அந்தக் காலம் முழுவதும் ரத்தத்திலுள்ள சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வருவதால், அந்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலையைக் காட்டிவிடும்.

தொற்றுநோய் வேறு, நாள்பட்ட நோய் வேறு என்று முற்றாகப் பிரித்துப் பார்ப்பதும் சரியன்று. ஹெபடைடிஸ் பி வைரஸ் ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி இருந்து கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டு விடலாம். மறுபுறம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவரின் வெள்ளணுக்கள் கிருமிகளை எதிர்ப்பதில் தளர்ந்துபோகின்றன; காசநோய் வரும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடுதல். காய்ச்சலின்போது உடல் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றிவிடுவதால், சரியாகச் சாப்பிடாதபோதும் அளவு உயரக்கூடும். சாப்பிடவில்லையே என்று இன்சுலினைத் தாமாகவே நிறுத்துவது, குறிப்பாக முதல் வகை சர்க்கரை நோயாளிகளுக்கு, ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்நாட்களில் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி சோதித்து, எவ்வளவு போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.