செய்மதிக் கணக்கும் தரைக் கணக்கும்: ஒப்பிடும் முறை

தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் கொழுந்து பனியில் கருகியதும், "பூமி சூடாகுதாம், இங்க பாருங்க!" என்று யாராவது ஏற்றமே இல்லாத ஒரு செய்மதி வெப்பநிலைக் கோட்டைக் கிண்டலாகப் பகிர்வார். அது பெரும்பாலும் 1998-இல் தொடங்கும். காரணம் பிறகு.

தரை நிலையத்தில் வெப்பமானி வெள்ளைப் பெட்டிக்குள், ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. செய்மதியோ காற்றிலுள்ள ஒட்சிசன் வெளிவிடும் நுண்ணலையை அளக்கிறது. அதிலிருந்து பல கிலோமீற்றர் தடிப்புக்கு ஒரு சராசரி கணக்கிடப்படுகிறது. பள்ளத்தில் இரவில் தேங்கும் குளிர்காற்று அதில் தெரியாது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகம் (ஹன்ட்ஸ்வில்) வெளியிடும் செய்மதித் தொடரான யூஏஎச்சில், உலகைப் பிரிக்கும் ஒவ்வொரு கட்டமும் அகலாங்கு, நெட்டாங்கில் 2.5 பாகை. நுவரெலியா விழும் கட்டத்தில் கண்டி, காலி, அம்பாந்தோட்டை, போதாததற்கு இந்து சமுத்திரமும் அடங்கும். உங்கள் தோட்டத்தைப் பற்றிப் பேச வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையத் தரவையே எடுங்கள். உச்சத்தையும் இழிவையும் தனித்தனியாகப் பாருங்கள்.

உலகப் போக்குக்கு, யூஏஎச்சின் செய்மதித் தொடர், நாசாவின் தரைத் தொடர் இரண்டின் மாதாந்தக் கோப்புகளையும் 1979 ஜனவரியிலிருந்து எக்செலில் போடுங்கள். இரண்டும் தருவது ஓர் அடிப்படைக் காலத்தின் சராசரியிலிருந்தான விலகலை. யூஏஎச்சின் அடிப்படைக் காலம் 1991–2020, நாசாவுடையது 1951–1980. அப்படியே வரைந்தால் நாசா கோடு மேலே மிதக்கும். "ஏமாத்து வேலை" என்ற கூச்சல் பாதி இதில்தான் கிளம்புகிறது. நாசா தொடரில் 1991–2020க்கான சராசரியை ஜனவரிக்கு ஒன்று, பெப்ரவரிக்கு ஒன்று எனப் பன்னிரண்டாகக் கணக்கிட்டு, அந்தந்த மாதத்திலிருந்து கழியுங்கள். நாசாவின் எழுத்துக் கோப்பில் எண்கள் நூறில் ஒரு பாகையில் இருக்கும். 100 ஆல் வகுக்க வேண்டும். தரவு இல்லாமல் நட்சத்திரக் குறியிட்ட மாதங்களை வெற்றாக விடுங்கள், பூச்சியம் போடாதீர்கள்.

பிறகு மாதங்களுக்கு 1, 2, 3 என எண்ணிட்டு, ஸ்லோப் சூத்திரத்தின் விடையை 120 ஆல் பெருக்கினால் பத்தாண்டுக்கான ஏற்றம். யூஏஎச் 0.15 பாகையை ஒட்டியும் நாசா 0.2ஐ ஒட்டியும் வரும். வித்தியாசம் உண்மைதான், இரண்டுமே ஏறுகின்றன.

இப்போது 1998: அந்த ஆண்டின் எல் நினோவின் (பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகும் நிகழ்வு) சூடு தரையைவிட மேல்காற்றில் பெரிதாகத் துள்ளியது. அந்த உச்சியிலிருந்து தொடங்கி 2012-இல் வெட்டினால் செய்மதிக் கோட்டில் ஏற்றமே தெரியாது.

அதே செய்மதிகளை வைத்தே ஆர்எஸ்எஸ் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வுக் குழு யூஏஎச்சைவிடக் கூடுதல் ஏற்றம் காட்டுகிறது. செய்மதிகள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் ஆண்டுக்காண்டு நழுவும். அதைத் திருத்தும் முறையில்தான் பிணக்கு. யூஏஎச்சின் இந்தத் திருத்தத்தில் இருந்த பிழை 2005-இல் வெளிப்பட்டது. தரைத் தரவும் திருத்தப்படுவதுதான், ஆனால் கடலையும் சேர்த்தால் அந்தத் திருத்தங்கள் நீண்டகால ஏற்றத்தைச் சற்றுக் குறைக்கவே செய்கின்றன. வெறுமனே "செய்மதி சொல்லுது" என்பவரிடம் எந்தத் தொடர், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.