வஞ்சிரத்தைக் கவர்ல போட்டு, காத்தை உறிஞ்சி ஃப்ரீசர்ல வைக்கிறது

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போனா, பிள்ளைங்களுக்காக வஞ்சிரம் கூடுதலாவே வாங்கிடுவேன். துண்டு போட்டுக் கழுவி, பருத்தித் துணியால ஈரத்தை ஒத்தி எடுங்க. ஈரத்தோட வேக்குவம் சீலர்ல (கவருக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி வாயை ஒட்டுற மெஷின்) வெச்சா, தண்ணி மேலேறி கவர் வாய் ஒட்டாது. அதனால தட்டுல பரப்பி 2 மணி நேரம் ஃப்ரீசர்ல விறைக்க வெச்சுட்டுதான் கவர்ல போடுவேன். மேலே 3 அங்குலம் இடம் விடுங்க. ஒட்டின கோட்டை விரலால தடவிப் பாருங்க. சுருக்கம் தட்டுப்பட்டா அதுக்குக் கீழே இன்னொரு தடவை ஒட்டுங்க. ஆட்டுக்கறின்னா எலும்பு முனை கவரைக் குத்திடும், பட்டர் பேப்பர் சுத்துங்க. தேதி எழுதி மைனஸ் 18 டிகிரியில வைங்க.

மீனை எடுக்கும்போது கவரைப் பிரிச்சுட்டுதான் ஃப்ரிட்ஜ்ல இளக விடணும். காத்தில்லாத கவருக்குள்ளேயே இளகினா விஷக்கிருமி வளரலாம்.