ஒரு ரூம் வீட்டில் ஒரு தெருக்குட்டி: முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு

வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஒரு ரூம், ஒரு கிச்சன், மூன்று குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு மொட்டைமாடி. நாய் வளர்க்கப் போகிறேன் என்றதும் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இடம் ஏதுப்பா?" இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இடத்தால் இதுவரை ஒரு தகராறும் இல்லை. பட்ட பாடெல்லாம் நேரத்தால்தான். அதனால் இந்தச் செய்முறையை கடிகாரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஒரு தாள் எடுங்கள்

வீட்டில் யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று எழுதுங்கள். ஹார்பர் ஷிப்ட், ஸ்கூல், டியூஷன், எல்லாம். இரண்டு மாசக் குட்டியை மூன்று மணி நேரத்துக்கு மேல் தனியாக விட முடியாது. அதற்கு மேல் குட்டியால் உச்சாவை அடக்கவே முடியாது. காலை எட்டுக்கு எல்லாரும் பூட்டிவிட்டுப் போய் ராத்திரி ஏழுக்கு வருகிற வீடு என்றால் குட்டி வேண்டாம். உங்கள் சந்திலேயே ஒரு வயசு, இரண்டு வயசில் சாதுவான நாய் ஒன்று இருக்கும். அதைப் பழக்கி எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாய் பழகாது என்பது சும்மா கட்டிவிட்ட கதை.

எந்த நாய்?

என் கட்சி நாட்டு நாய். சந்துக்கு வெளியே எட்டு மணிக்கே அனல் வீசுகிற ஊரில் ஹஸ்கி வளர்ப்பது அந்த நாய்க்குச் செய்கிற கொடுமை. சிப்பிப்பாறையும் கன்னியும் நம் மண்ணின் நாய்கள்தான். ஆனால் முயலைத் துரத்தி ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று ரிவர்ஸ் எடுக்கவேண்டிய சந்தில் அது எங்கே ஓடும்? லேப்ரடார் முப்பது கிலோ வரும். வயசான காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டால் மாடிக்கு யார் தூக்குவது?

தெருக்குட்டியில் இன்னொரு லாபம், அதன் அம்மா கண்ணுக்கு எதிரே படுத்திருப்பாள். பால்காரரைக் கண்டால் குரைப்பாளா, குழந்தைகள் வாலை மிதித்தால் என்ன செய்வாள், எல்லாம் தெரு முழுக்கத் தெரியும். அவளுக்கு தினமும் சோறு வைக்கிற அக்கா ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் தூக்கினால் குட்டி திருடினான் என்று பேர் வரும். எனக்கு வந்தது.

குட்டியைப் பார்ப்பது எப்படி

வாயைத் திறந்து பாருங்கள். பால்பற்கள் மூன்று வாரத்தில் முளைக்க ஆரம்பித்து, எட்டு வாரத்துக்குள் மொத்தம் 28 பல்லும் வந்துவிடும். வரிசை நிறையவில்லை என்றால் அம்மாவிடமே விட்டுவிடுங்கள். எட்டு வாரத்துக்கு முன் பிரித்த குட்டிகள் பின்னால் அதிகம் கடிக்கும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்ததுகளோடு கட்டிப் புரண்டுதான் அவை கற்றுக்கொள்கின்றன.

ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் பூச்சி. அதற்கு மருந்து இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

அப்புறம் சற்றுத் தள்ளி உட்கார்ந்து ஒரு கைதட்டு. முதலில் பாய்ந்து மேலே விழுகிற குட்டியை எல்லாருக்கும் பிடிக்கும். மூலைக்கு ஓடி வெளியே வராததைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். முதல்முறை வளர்ப்பவர்கள் இரண்டையும் விட்டுவிடுங்கள். தூக்கிவாரிப் போட்டு நின்று, பிறகு "என்ன அது?" என்று மோந்து பார்க்க வருகிறது பாருங்கள், அதுதான் உங்கள் குட்டி. எங்களுடையது செம்மண் நிறம். கேரம் போர்டு ரெட் காயின் மாதிரி இருந்ததால் பெயர் ரெட்டு.

வீட்டுக்கு வரும் வழியிலேயே டாக்டர்

எங்கள் பக்கத்துக்கு புளியந்தோப்பிலும் திரு.வி.க. நகரிலும் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. பெரிய கோளாறு என்றால் வேப்பேரி. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

பூச்சி மருந்து மூன்று மாசம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாசம் வரை மாசம் ஒருமுறை. டிஸ்டெம்பர், பார்வோ மாதிரி தொற்றுநோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்த தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாசத்தில் ஒன்று, பிறகு டாக்டர் சொல்கிற தேதிகளில். பார்வோதான் குட்டிகளுக்கு எமன்: வாந்தி, ரத்தமாக பேதி, இரண்டே நாளில் ஆள் காலி. போன குட்டி அதில் செத்த வீடு என்றால், தரையை வெறும் பினாயிலால் கழுவிவிட்டுப் புதுக்குட்டி கொண்டுவராதீர்கள். அந்தக் கிருமி மாசக்கணக்கில் கிடக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும்.

முதல் ராத்திரி

கத்தும். பக்கத்துக் குடித்தனத்துக்கும் நமக்கும் ஒரே சுவர். அதனால் கிச்சனில் தனியாக அடைக்காமல், அட்டைப்பெட்டியில் உங்கள் பழைய லுங்கியைப் போட்டு, உங்கள் பாய்க்குப் பக்கத்திலேயே வையுங்கள். முனகினால் கையை உள்ளே விடுங்கள். நாலைந்து நாளில் அடங்கிவிடும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

உச்சா, கக்கா

இங்கேதான் பாதிப் பேர் தோற்றுப்போய் நாயைத் திரும்ப ரோட்டில் விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தடுப்பூசி எல்லாம் முடிகிறவரை குட்டியைத் தெருவில் இறக்கக்கூடாது. எங்களுக்கு மொட்டைமாடி இருந்தது. உங்களுக்கு இல்லை என்றால் வாசல் ஓரம் ஒரு பழைய கோணிப்பை போதும். இடம் எதுவானாலும் அதை மாற்றாதீர்கள்.

தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள், விளையாடி முடித்ததும், படுக்கப் போகுமுன். இந்த நாலு வேளையும் நீங்களே தூக்கிக்கொண்டு போய் விட வேண்டும். ராத்திரி ஒருமுறை அலாரம் வைத்து எழ வேண்டும். போகும்போது "உச்சா, உச்சா" என்று மெதுவாகச் சொல்லுங்கள். முடித்த மறு நொடி வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நக அளவு ஒரு துண்டு. ரூமுக்குத் திரும்பி வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. ஈரல் டப்பா மாடிக்கதவு ஆணியில்தான் தொங்க வேண்டும்.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கை அதில் தேய்ப்பது, அடிப்பது எதுவும் வேண்டாம். அடித்தால், உங்கள் எதிரே போகக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போகும். பினாயிலும் வேண்டாம். காலில் பட்டதை நக்கினால் அதுக்கு விஷம். தண்ணீரில் வினிகர் கலந்து துடைத்தால் மூத்திர வாடை போகும். வாடை இருக்கிற இடத்துக்குத்தான் மறுபடி போகும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மாடி பழகிவிட்டது என்ற தெம்பில் ஒருநாள் கதவைத் திறந்துவிட்டு நான் கீழேயே நின்றுவிட்டேன். மாடியில் ஹவுஸ் ஓனர் அம்மா வெள்ளைத் துணி விரித்து வடகம் பிழிந்து வைத்திருந்தார். ரெட்டு நேராகப் போய் அதன் நடுவில். "உன் நாய்க்கு நான் வடகம் போட்டு வச்சேனா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. மூன்று மாசம் ஆகிறவரை கூடவே நில்லுங்கள்.

கடி

நாலு மாசத்தில் பால்பல் விழ ஆரம்பிக்கும், ஏழு மாசத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். அதுவரை கைக்குக் கிடைத்ததெல்லாம் வாயில். கடித்தால் கையை உதறாதீர்கள், அதுக்கு அது விளையாட்டு. எழுந்து, முதுகைக் காட்டி, அரை நிமிஷம் நில்லுங்கள். பிறகு முடிச்சுப் போட்ட பழைய துண்டைக் கொடுங்கள். என் அக்கா மகன் கையைக் கொடுத்து விளையாடுவான், அம்மா துடைப்பத்தை ஓங்குவார், நான் முதுகைக் காட்டுவேன். ஒரு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பேரும் ஒரே மாதிரி செய்ய ஆரம்பித்த பத்தே நாளில் நின்றுவிட்டது.

விளையாட்டில்கூடப் பல் பட்டு ரத்தம் வந்தால் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, நேராக ஸ்டான்லியோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரியோ போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். வெறிநோய் வந்தபின் வைத்தியம் கிடையாது.

சாப்பாடு

மூன்று மாசம் வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாசம் வரை மூன்று, பிறகு இரண்டு. பால் சோறு மட்டும் போட்டு வளர்த்த குட்டிகளுக்கு முன்னங்கால் வில்லாக வளைவதைப் பார்த்திருப்பீர்கள். சோறும் கோழியும் போட்டாலும் அதே கதைதான், கால்சியம் பற்றாது. வளர்கிற வயசில் பாதியாவது கடையில் விற்கிற குட்டி நாய்த் தீனியாக இருக்கட்டும். மீதிக்கு உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, பூசணி.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. அப்படியென்றால் மீந்த சாம்பாரும் பிரியாணியும் அவுட். வெந்த எலும்பு ஊசி மாதிரி பிளந்து குடலைக் கிழிக்கும். காசிமேட்டிலிருந்து மலிவாக மீன் வாங்கி வந்தால் முள்ளை எடுத்துவிட்டுப் போடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு.

சாவு மோளத்துக்குப் பழக்குவது

நாய் வளர்ப்பு வீடியோக்களில் இது இருக்காது. நம் ஏரியாவில் இதுதான் முக்கியம். மாசத்துக்கு இரண்டு ஊர்வலமாவது தெருவைத் தாண்டும். மோளம், விசில், சரவெடி. அந்தச் சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோன நாய்கள் நிறைய.

மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்ததோ, கேட்டதோ, அதையெல்லாம் சகஜம் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு புதுசாக வருவதெல்லாம் சந்தேகம்தான். எட்டாவது வாரம் வீட்டுக்கு வந்தது என்றால் உங்கள் கையில் இருப்பது ஆறு வாரம்.

மோளச் சத்தத்தை போனில் பதிந்துகொள்ளுங்கள். சாப்பாடு வைக்கும்போது, காதுக்குக் கேட்டும் கேட்காத அளவில் போடுங்கள். தலையைத் தூக்காமல் சாப்பிட்டால் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். சாப்பிடாமல் நின்றால் கூட்டியது அதிகம், இரண்டு புள்ளி குறையுங்கள். அவசரப்படாதீர்கள், எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதன்பின் நிஜ ஊர்வலம் வந்த அன்று ரெட்டுவைத் தூக்கிக்கொண்டு மாடியில் நின்றேன். முதல் அடிக்குக் காது விறைத்தது. ஈரல் கொடுத்தேன். தின்றது. ஊர்வலம் தாண்டுகிறவரை ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டு. இறந்தவருக்கு மரியாதை இல்லையே என்று எதிர்வீட்டுத் தாத்தா முறைத்தார், என்ன செய்வது.

லாரி ஹாரனுக்கும் குக்கர் விசிலுக்கும் இதே முறைதான். தீபாவளி மட்டும் தனி. அன்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனைக் கூட்டி வைத்து, உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட், ரோடு, மழை

பெல்ட்டை முதலில் வீட்டுக்குள்ளேயே பத்து நாள் மாட்டிப் பழக்குங்கள். இழுத்தால் நில்லுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள், அவ்வளவுதான் வித்தை. ரோட்டில் பெல்ட் இல்லாமல் விடாதீர்கள். 2024 மே மாசம் ஆயிரம் விளக்கு பூங்காவில் ஒரு சின்னப் பெண்ணை வளர்ப்பு நாய்கள் கடித்ததிலிருந்து யாருக்கும் நாய்க்காரர்கள் மேல் பொறுமை இல்லை. அது நியாயமும்கூட.

வெயில் காலத்தில் புறங்கையை தார் ரோட்டில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதுக்கும் சுடும். மழை நின்றபின் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தேங்குகிற தண்ணீரில் இறக்கவே கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும், அது நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். உங்கள் குட்டிக்குப் போட்ட ஊசியில் லெப்டோவும் சேர்த்தியா என்று அட்டையைப் பாருங்கள்.

உண்ணி

தினமும் காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கடியில் தடவிப் பாருங்கள். கிடைத்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் தாத்தா காலம். மருந்து நாயின் எடைக்குத் தக்கது, டாக்டர் தருவதை மட்டும் போடுங்கள். சாப்பாட்டை ஒதுக்கி, காய்ச்சலோடு சுருண்டு படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாயின் சாதாரணச் சூடே 101 முதல் 102.5 டிகிரி. கையால் தொட்டுப் பார்த்து முடிவுகட்டாதீர்கள், நம் வீட்டு பாராசிட்டமாலையும் கொடுக்காதீர்கள்.

உரிமமும் ஆபரேஷனும்

சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டும். வெறிநோய் ஊசி போட்ட சான்று கேட்பார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

ஆறு மாசம் தாண்டியதும் கருத்தடை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தெருவில் காது நுனி வெட்டுப்பட்ட நாய்களைப் பார்த்திருப்பீர்கள், அவை ஆபரேஷன் முடிந்தவை. பெண்குட்டி என்றால் தள்ளிப்போடாதீர்கள், 63 நாளில் ஏழெட்டுக் குட்டி போட்டுவிடும். ரெட்டுவும் பெண்தான். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற கூம்பு அந்த நேரம் கடையில் இல்லை. அம்மா பழைய பெயிண்ட் பக்கெட்டின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றித் தைத்து மாட்டிவிட்டார். பத்து நாள் அதோடுதான் மாடிப்படி ஏறி இறங்கியது, படிக்குப் படி டங்கு டங்கென்று இடித்துக்கொண்டு.